மோவாபில் விட்டுவந்தவர்கள்

“மாமா மாமிக்கும் ஒரு துண்டு எழுதிப் போட்டனான்,” என்று மனைவி றோஸ்மேரி காதோடு சொன்னபோது, அன்புராசா பாடம் நடத்த விவிலியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

“என்னெண்டு எழுதினனீ?”

“உள்ளதைத்தான். சிலாபத்திலை மார்சல் வீட்டிலை இருக்கிற மாமா மாமிக்காக எண்டு. ஏனப்பா?”

கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் அந்தக் கோயிலின் நிலக்கீழ் அறையில் இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மன்றாட்டுப் பெட்டி. ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அதிலுள்ள துண்டுகளைப் பிரித்து உரத்து வாசிப்பது வழக்கம். வாசிப்பவர் அலெக்ஸாண்டர். ஊரில், போன வருடச் சண்டையில் இராணுவத்திடம் மகனைப் பறிகொடுத்தவர்.

தாய் தகப்பன் மடு அகதி முகாமில் இருப்பதாகத்தான் அன்புராசா எல்லோரிடமும் சொல்லியிருந்தான். உண்மையில், தொண்ணூறில் மன்னாரில் ஷெல் விழத் தொடங்கியபோது, அவர்களைச் சிலாபத்தில் மார்சல் என்ற சிங்கள மீனவனின் வீட்டில் விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினான். மார்சல் முந்திப் பருவத்துக்குப் பருவம் மன்னார்க் கரைக்கு வந்து வாடிக் குடிசை அடித்துத் தொழில் செய்தவன். திருநாளுக்கு அவனுக்குச் சாப்பாடு இவர்கள் வீட்டில்தான். இது இங்கே தெரிந்தால் பொழுதுபடுமுன் ஊருக்குப் போய்விடும். மடுவில் தம்பி இன்னும் இருந்தான். அங்கே சிங்களவரோடு தொடர்பென்று இயக்கம் விசாரணைக்குக் கூட்டிப்போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. றோஸ்மேரி கனடா வந்து மூன்று மாதம். எதை மறைக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லி வைக்க அவன் மறந்துபோனான்.

அன்றைய பாடம் இஸ்ரயேலைச் சுற்றியிருந்த இனங்கள். பெலிஸ்தியர், அம்மோனியர், மோவாபியர், எதோமியர் என்று அவன் சொல்லிக்கொண்டு போனான். கண் மட்டும் பெட்டியில் இருந்தது.

“உவங்கள் எல்லாரும் வெட்ட வந்தவங்கள்தானே தம்பி,” என்றார் அலெக்ஸாண்டர். “உதுக்கு ஒரு வகுப்பு வேணுமோ?”

வெட்ட வந்தது உண்மைதான் என்று அன்புராசா ஒப்புக்கொண்டான். ஆனால் இஸ்ரயேலில் ஒரு கொல்லன் இல்லாத காலமும் இருந்தது, கலப்பைக் கொழுவையும் கோடாலியையும் தீட்டக்கூடப் பெலிஸ்தியரிடம்தான் போனார்கள் என்றான். எருசலேம் கோயிலுக்குத் தீர் நாட்டு அரசன் மரம் அனுப்பிய கதையையும் சொன்னான்.

“கோடாலியும் தீட்டிக் குடுத்து, கொத்தவும் வந்தவங்களோ? நல்ல அயலட்டைச் சனம்தான்,” என்றாள் பேர்ணடெற் அன்ரி. சிரிப்பு எழுந்தது. அலெக்ஸாண்டர் சிரிக்கவில்லை. அன்புராசா பாடத்தை இழுத்துப் பார்த்தான். ஐந்து மணியானது. பெட்டி அலெக்ஸாண்டரின் மடிக்குப் போனது.

முதல் துண்டு யாருடையதோ முழங்கால் ஒப்பரேசனுக்கு. இரண்டாவது ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் சோதனைக்கு. மூன்றாவதை எடுத்தபோது, மடிப்பைப் பார்த்ததுமே அது றோஸ்மேரியுடையது என்று அன்புராசாவுக்குத் தெரிந்தது.

“அண்ணை, ஒரு நிமிசம். பாடத்திலை ஒண்டு விட்டுப்போச்சு,” என்றான்.

அலெக்ஸாண்டரின் விரல்கள் பாதி மடிப்பில் நின்றன.

“சவுல் ராசா கொல்லத் தேடேக்கை, தாவீது தாய் தேப்பனை எங்கை விட்டவர் தெரியுமோ? சொந்தச் சனத்திட்டை இல்லை. மோவாபு ராசாவிட்டை. கடவுள் எனக்கு என்ன செய்யப்போறார் எண்டு தெரியும்வரைக்கும் இவையை வைச்சிருங்கோ எண்டு கேட்டவர்.”

“அவன் வைச்சிருந்தவனோ?” என்றார் அலெக்ஸாண்டர்.

“வைச்சிருந்தவன்.” அன்புராசா விவிலியத்தை மூடினான். “என்ரை அப்பாவும் அம்மாவும் மடுவிலை இல்லை அண்ணை. ஆறு வருசமா ஒரு சிங்களவன்ரை வீட்டிலை இருக்கினம். அப்பாவுக்குக் கை விளங்காது. அவன்தான் சோறு தீத்திறான்.”

அலெக்ஸாண்டர் துண்டை முழுவதும் விரித்தார். உதடு அசையாமல் கடைசிவரை வாசித்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மற்றத் துண்டுகளைத் தொடாமலே எழுந்தார்.

எல்லோரும் எழுந்தார்கள். முடிவில் கைகோத்துக் கர்த்தர் கற்பித்த செபம் சொல்வார்கள். றோஸ்மேரி அன்புராசாவின் இடக்கையை இறுகப் பிடித்தாள். அவன் வலப்பக்கம் அலெக்ஸாண்டர். அன்புராசா அவர் பக்கம் கையை நீட்டினான். செபம் தொடங்கிவிட்டது. வட்டத்தில் அவர்கள் இருவருக்கும் நடுவிலான இடம் மட்டும் இன்னும் மூடாமல் இருக்க, நீட்டிய உள்ளங்கையில் அறையின் குளிர் ஏறிக்கொண்டிருந்தது.