இரண்டாவதாக ஓட்டுகிறவளின் காற்று

1

இந்தக் கதை ஒரு கத்தலில் பிறந்தது. மால்டாவில் மலைச்சாலைக் கார்ப் பந்தயம் நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டாணி வைத்த பஸ்டிட்சிப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு கார்களுக்கு நடுவே நின்றிருந்தேன். பின்னால் ஒரு பெண்குரல்:

"உனக்குக் காத்து, எனக்கு மட்டும் அனலாடா?"

அன்று வீட்டுக்கு வந்து எழுதிய முதல் வரி: 'கடற்காற்று கிராசியெல்லாவின் கூந்தலை—'

வேண்டாம். அவள் ஹெல்மெட் போட்டிருந்தாள்.

2

கிராசியெல்லா பள்ளி வேன் ஓட்டுகிறவள். தம்பி கிளேட்டன் கோசோத் தீவுக்குப் போகும் படகில் வேலை பார்க்கிறான். இருவருக்கும் சேர்த்து ஒரே டர்போ கார். ஒருவர் மேலே ஓட்டிப் போய்த் திரும்பியதும் அதே காரில் மற்றவர் ஏற வேண்டும். எப்போதும் கிளேட்டன்தான் முதலில்.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். அமுக்கினால் காற்று சூடாகும். சூடான காற்றில் எஞ்சினுக்குத் தெம்பு குறையும். வழியில் அதை ஆறவைக்கிற அலுமினியக் கூடுதான் இன்டர்கூலர். இவர்கள் காரில் அது எஞ்சினின் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது. கிளேட்டன் போய்த் திரும்புவதற்குள் கூடும் வெந்துவிடும். அப்புறம் ஏறுகிறவளுக்குக் கார் இழுக்காது.)

"உனக்காகத்தானே டயரைச் சூடாக்கித் தரேன், அக்கா?" என்றான் அன்று.

"டயரோட சேத்து எஞ்சினையும் வேகவெச்சுத் தர. உப்புப் போட்டா தின்னலாம்."

3

அடுத்த வாரம் காரை சென்சுவின் வெல்டிங் பட்டறைக்கு அவளே ஓட்டிப் போனாள். தம்பியும் தொற்றிக்கொண்டான்.

"மூணு வழி இருக்கு," என்றார் சென்சு. "மேல இருக்கறதையே பெருசா மாத்தலாம். தண்ணித் தொட்டி வெச்சு ஐஸ் கொட்டிக் காத்தை ஆறவெக்கலாம். இல்லேன்னா முன்னாடி, பம்பருக்குள்ள மாட்டலாம்."

"பெருசானாலும் அடுப்பு மேலதான உக்காரும்? அது வேண்டாம்."

"அப்ப ஐஸ்!" கிளேட்டன் துள்ளினான். "காத்து ஜில்லுனு போகும், அக்கா."

"நீ மேல போய்ட்டு வரும்போது ஐஸ் என்னவா இருக்கும்?"

யோசித்தான். "வெந்நீரா."

"அது எனக்கு. குளிச்சுக்கறேன்."

"முன்னாடி வெச்சா குழாய் நீளமாய்டும். மிதிச்ச உடனே இழுக்காது. கொண்டை ஊசி வளைவுல நான் செத்தேன்," என்றான் கிளேட்டன்.

"ரெண்டு பேரும் சேந்து சாவோம். முன்னாடியே வைங்க, சென்சு."

பெரிய கூடு வேண்டுமென்றால் பம்பருக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தை அறுக்க வேண்டும் என்றார் அவர். அவள் குனிந்து பார்த்தாள்.

"அதைத் தொடாதீங்க. மோதினா அதுதான் எங்களைக் காப்பாத்தும். பிளாஸ்டிக்கை எவ்வளவு வேணா வெட்டுங்க. ஒல்லியான கூடு போதும். பின்னால ரேடியேட்டருக்கும் காத்து போகணும்ல?"

சென்சு தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? கார்ல பாதி அவளுது."

"முன்பாதி," என்றாள் கிராசியெல்லா.

4

கிளேட்டனை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் படியில் அவனைச் சுயநலக்காரனாக்கியிருந்தேன். கதைக்கு வசதி. கிராசியெல்லா வீட்டில் முயல் குழம்பு சாப்பிட்டபோது வாசித்துக் காட்டினேன். அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"இது என் தம்பி இல்ல. திருடன் மாதிரி இருக்கான். அவனா கெட்டவன்? யாராவது சொல்ற வரைக்கும் அவனுக்கு எதுவும் தோணாது, அவ்வளவுதான்."

இரண்டு பத்திகளை அடித்தேன். 'குழந்தையிலிருந்தே அவன் எப்போதும்—' என்ற வாக்கியமும் போயிற்று.

5

அக்டோபர் பந்தயம். முதல் சுற்றில் கிளேட்டன் இறங்கி வந்து, "கார் தூங்குது," என்று முனகினான். அவள் முன்னால் போய் இன்டர்கூலரில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்புதான். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

மிதித்த பிறகு இழுவை வருவதற்கான தாமதத்துக்கு அவள் பழகியிருந்தாள். வளைவு முடியும்வரை காத்திராமல் முன்கூட்டியே மிதித்தாள். வளைந்து நிமிரும்போது இழுவை சரியாக வந்து சேர்ந்தது. தம்பியைவிடக் குறைந்த நேரம். நேரம் எழுதிய பலகையை அவன் இரண்டு தடவை படித்தான்.

"பலகை தப்பா இருக்கும்."

"போய்ச் சொல்லு. சாக்பீஸ் வாங்கித் தரேன்."

கடைசிச் சுற்றுக்கு முன் கடல் பக்கமிருந்து கருமேகம் ஏறியது. முதலில் போகிறவருக்கு மட்டும்தான் காய்ந்த சாலை. கிளேட்டன் கார் சாவியை நீட்டினான்.

"இந்த வாட்டி நீ முதல்ல போ, அக்கா."

(இங்கே அவள் கண் கலங்கியது என்று எழுதினேன். கலங்கவில்லை.)

"வேண்டாம். உன் முறை, ஏறு."

"மழை வருது, பைத்தியமா உனக்கு?"

"முதல்ல போனாலும் அடுத்துப் போனாலும் ஒண்ணா இருக்கணும்னுதான இவ்வளவும் பண்ணேன்? இன்னிக்கு மழைன்னு அதை விட்டுடவா? ஏறுடா."

அவன் ஏறினான். அவன் ஓட்டியதிலேயே மிகக் குறைந்த நேரம் அன்றுதான் வந்தது. அவன் கீழே வந்து சேரும்போது முதல் துளிகள் விழுந்தன.

6

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மழை சட்டென்று நின்றது. வெட்கமாக இருந்தது, கிழித்தேன். இன்னொன்று, 'மூன்றாவது வளைவில் கார் வழுக்கி—' அதற்குமேல் கை ஓடவில்லை. மூன்றாவதில் அவள் ஓட்டி முடித்த உண்மையான நேரத்தையே போட்டேன். அதையும் அழித்துவிட்டேன். அது வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் நிறுத்துகிற இடம் இது:

கார் புறப்படும் கோட்டில் நிற்கிறது. மழை வலுக்கிறது. வைப்பர் கண்ணாடியில் சேற்றைத்தான் பரப்புகிறது. கிளேட்டன் சட்டையைக் கழற்றி, வெறும் உடம்போடு கண்ணாடியைத் துடைக்கிறான். நடுவர் விசில் ஊதுகிறார். அவன் காதில் வாங்கவில்லை. இன்னும் ஒரு மூலை பாக்கி.

"நகருடா!" என்று உள்ளேயிருந்து கத்துகிறாள்.

மூலையையும் துடைத்துவிட்டு நகர்கிறான். பச்சை விளக்கு எரிகிறது.