ஒச்சப்பன் பெயரில் ஓர் அறை

சட்டைப் பையில் போன் துடித்ததை உணர்ந்தும் பாண்டியராஜ் எடுக்கவில்லை. பேட்டரியின் ஆறு துளைகளிலும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, மூடிகளைத் திருகி, கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் எடுத்தார். கப்பல் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் நீளமாக ஒரு செய்தி. அவருக்கு விளங்கியது இரண்டே விஷயம். கப்பலில் அறை மாறியிருக்கிறது. புது அறையின் எண்ணுக்குக் கீழே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் பாண்டியராஜ் ஒச்சப்பன். இரண்டாவதாக அவர் மனைவி மணிமேகலையின் பெயர் இருந்திருக்க வேண்டும். சோலைமுத்து ஒச்சப்பன் என்று இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார். பெயர் மாறவில்லை.

தன் பேட்டரிக் கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நாகல் நகர் வெயிலில் இறங்கி நடந்தார். நாலு கடை தள்ளித்தான் நர்கீஸின் டிராவல்ஸ். அவருடைய நண்பர் நாசரின் மகள். டிக்கெட் எல்லாம் அவள் வழியாகத்தான் போட்டிருந்தார்கள்.

"உக்காருங்க மாமா. நானே கூப்பிட இருந்தேன்" என்றாள். "அஞ்சாவது மாடியில ஏதோ பைப் வெடிச்சிருச்சாம். அந்த வரிசை ரூம் அம்புட்டையும் காலி பண்ணி, மத்த மாடி ஆளுகளையும் சேத்துப் பிரிச்சுப் போட்டிருக்காங்க."

"பிரிச்சுப் போடட்டும். இவன் எப்படி எங்கூட வந்தான்?"

நர்கீஸ் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். "கடைசிப் பேரு ஒண்ணா இருந்தா ஒரே குடும்பம்னு கணக்கு. உங்களுக்கும் ஒச்சப்பன், அவருக்கும் ஒச்சப்பன். மணிமேகலை அத்தைக்குக் கடைசியில உங்க பேரு இருக்கு, அவரு சம்சாரத்துக்கு அவரு பேரு இருக்கு. எந்தப் பேரும் எதோடயும் ஒட்டல. மிச்சமிருந்த ரெண்டு பொம்பளைகளையும் ஒரு ரூம்ல போட்டுட்டாங்க."

"அப்பன் பேரு எப்படிம்மா குடும்பப் பேராகும்?"

"நம்ம ஊருல ஆகாது மாமா. கப்பல்ல ஆகும்."

அவர் சிரிக்கவில்லை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாத்திரலாம். கம்பெனியில கேட்டுட்டேன். உங்க போனுக்கும் அவரு போனுக்கும் ஆளுக்கு ஒரு ஓடிபி வரும். ஆறு இலக்கம். ரெண்டையும் இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எனக்குச் சொன்னா, பழையபடி புருசன் பொஞ்சாதியாப் போட்டுருவாங்க. ஆறைத் தாண்டுனா பூட்டிருவாங்க."

"அவன்கிட்ட நீ கேளும்மா."

"கேட்டேன். நாலு தடவ கூப்பிட்டேன். எடுக்க மாட்டேங்கிறாரு."

நாளை இரவு சென்னைக்கு ரயில். மறுநாள் கப்பல். தங்கை அய்யம்மாளின் கணவர் முனியப்பனுக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூர் போய் மாலை மாற்றிவந்தாயிற்று. அதோடு விடாமல், சென்னையில் வேலை பார்க்கும் அவர்கள் மகள் தமிழ்மதி, மூன்று நாள் எல்லோரும் கப்பலில் போவோம் என்று பதினாலு பேருக்குப் பதிவு செய்திருந்தாள். அய்யம்மாள் ஒரே நிபந்தனைதான் போட்டாள்: அண்ணன்மார் இருவரும் வந்து, பிறந்த வீட்டு வேட்டி சேலையை நாலு கையாகச் சேர்த்துப் பிடித்துக் கொடுக்க வேண்டும். பாண்டியராஜும் ஒரு நிபந்தனை போட்டார்: தானும் சோலைமுத்தும் ஒரே மாடியில் இருக்கக் கூடாது. அதனால் அவருக்கு ஐந்தாவது மாடி, தம்பிக்கு எட்டாவது. பதினோரு வருடமாகப் பேசாத அண்ணன் தம்பிக்கு நடுவில் மூன்று மாடி போதுமென்று எல்லோரும் நம்பினார்கள்.

மத்தியானம் சாப்பிடப் போனவர் தட்டைத் தொடவில்லை. மணிமேகலை மொச்சைக் குழம்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கும் முத்துப்பேச்சிக்கும் ஒரு ரூமுன்னா எனக்கு ஒரு சிரமமும் இல்ல" என்றாள். "நீங்கதான் அண்ணன் தம்பி. நாங்க பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"எப்ப இருந்து?"

"நீங்க பேச்சை நிறுத்துன மறுநாள்ல இருந்து."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "அப்ப அவகிட்டச் சொல்லி அந்த நம்பர வாங்கு."

மணிமேகலை அங்கேயே போனைப் போட்டாள். ஒருபக்கப் பேச்சு மட்டும்தான் அவருக்குக் கேட்டது. "ஆமாடி… ஆறு நம்பராம்… ஏன்?… என்ன சொல்றாரு?… சரி, வையி." போனைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நம்பர் வந்திருச்சாம். ஆனா தர மாட்டாராம்."

"தர மாட்டானா? என்ன வேணுமாம் அவனுக்கு?"

"ஒண்ணும் சொல்லலையாம். அந்த ரூமே இருக்கட்டும்னாராம்."

பாண்டியராஜ் சாப்பிடாமலே எழுந்தார். வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். மின்விசிறியைப் போட்டு, பிறகு அணைத்தார். இரண்டு மணிக்குக் கடைக்குப் போய், வந்த ஒருவரிடம் பழைய பேட்டரியையே புதிதென்று எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். மூன்று மணிக்கு நர்கீஸ் கூப்பிட்டு, "எங்க இருக்கீங்க மாமா, கிடைச்சதா?" என்றாள். கடையில் உட்கார்ந்துகொண்டே, "வேடசந்தூர் ரோட்டுலதான் போய்க்கிட்டு இருக்கேன்" என்றார். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் வேடசந்தூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும் என்பதே அவருக்குத் தெரிந்தது.

இது அவருடைய பழைய வழக்கம். இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர். சரக்குக்குக் காத்திருக்கும் வியாபாரிகளிடம் எப்போதும் இருக்கும் இடத்தைவிட நூறு கிலோமீட்டர் கூட்டித்தான் சொல்வார். வீட்டிலும் அதே. "இவரு கரூரத் தாண்டிட்டேன்னு சொன்னா, நாமக்கல்லுல டீக்கு வெந்நி கொதிக்குதுன்னு அர்த்தம்" என்று மணிமேகலை கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

நாலரைக்குத்தான் வண்டியை எடுத்தார். நாலுவழிச் சாலையில் எதிர்காற்று அனலாக அடித்தது. ஓரத்தில் போன லாரிகளின் நம்பரைப் பழக்கத்தில் படித்துக்கொண்டே போனார். அகரம் விலக்கைத் தாண்டும்போது, வழக்கமாகத் தன்னிடம் தானே சொல்லிக்கொள்ளும் கதையை ஆரம்பித்தார். அப்பா ஒச்சப்பன் செத்த அன்று தான் குண்டூரில் மிளகாய் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. மூத்த மகன்தான் அப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டும் என்பது. தான் வருவதற்குள் சோலைமுத்து கொள்ளி வைத்துவிட்டது. இரவு எட்டு மணிக்கு லாரியைச் சுடுகாட்டு ரோட்டிலேயே நிறுத்தி இறங்கியபோது, புகை மட்டும் இருந்தது. அப்போது தம்பியின் சட்டையைப் பிடித்துக் கேட்டது: "உனக்கு மட்டும்தானாலே அப்பன்?"

கதை எப்போதும் அங்கே முடியும். இன்று முடியவில்லை. நடுவில் அவர் தாண்டிப் போகும் ஓர் இடம் உண்டு. அன்று காலை பத்து மணிக்குச் சோலைமுத்து போன் செய்து, "எங்கண்ணே இருக்க?" என்று கேட்டான். சேலம் தாண்டிட்டேன் என்று சொன்னார். அப்போது அவர் சித்தூரில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் எனக்காகக் காத்திருக்க மாட்டார்கள் என்ற பயம். இரண்டு மணிக்கு வந்துவிடுவான் மூத்தவன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். இரண்டு மூன்றானது, மூன்று ஐந்தானது. பொழுது இறங்கினால் எடுக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். ஆறு மணிக்குத் தம்பி கொள்ளி வைத்தான்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மணிமேகலையிடம்கூட. தம்பியோடு பேசாமல் இருக்கும் வரைக்கும் இதைச் சொல்ல வேண்டிய அவசியம் வராது. ஒரே அறையில் மூன்று நாள் என்றால் வரும். அந்த ஆறு இலக்கம் கிடைத்தே ஆக வேண்டும்.

வேடசந்தூரில் மில் பஸ் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் போய், பதினோரு வருடமாகத் திரும்பாத சந்தில் திரும்பினார். மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற சோலைமுத்து, வாசலில் ஒரு சூட்கேசைக் கவிழ்த்துப் போட்டு அதன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. பாண்டியராஜுக்கு அது மட்டும் கொஞ்ச நேரம் புரியாமல் இருந்தது.

உள்ளேயிருந்து முத்துப்பேச்சி எட்டிப் பார்த்து, "வாங்க மாமா" என்று சொல்லி, ஒரு நாற்காலியும் செம்பில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தேவையில்லாத வேகத்தோடு உள்ளே போய்விட்டாள். அடுத்த நிமிடம் உள்ளே அவள் போனில் குசுகுசுப்பது கேட்டது.

பாண்டியராஜ் உட்கார்ந்தார். சோலைமுத்து நிமிரவில்லை. சக்கரத்தின் கடையாணி துருப்பிடித்திருந்தது. அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஊறட்டும் என்று காத்திருந்தார். எதிர் வீட்டுச் சுவரில் ஒரு காகம் உட்கார்ந்தது, பறந்தது, மறுபடியும் வந்தது. செம்பிலிருந்த தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு வெறும் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டார் பாண்டியராஜ்.

"அந்த நம்பரச் சொல்லு" என்றார் கடைசியில். "நான் போகணும்."

"தெரியும். போவ." சோலைமுத்து ஸ்பேனரைத் திருப்பினார். "நான் வாயத் தொறக்குமுன்னயே எந்திரிச்சுப் போயிருவ. அப்பா கருமாதியில போன. அய்யம்மா மக சடங்குல, நான் பந்தியில உக்காந்ததும் போட்ட எலையக்கூடப் பாக்காமப் போன. அதான் தரல."

"வம்பு பண்ற."

"வம்புதான். கப்பல்ல எங்க எந்திரிச்சுப் போவ? சுத்தித் தண்ணி."

உள்ளே குசுகுசுப்பு நின்றது. பாண்டியராஜ் செம்பைத் தரையில் வைத்தார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து உருண்டது. இருவரும் அது நிற்கும்வரை பார்த்தார்கள்.

"மூணு நாளு என்னத்தப் பேசணும்கிற?"

"நான் பேசணும்னு இல்ல. நீ பேசணும்." கடையாணி ஒருவழியாக இளகியது. அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாகச் சோலைமுத்து அண்ணனைப் பார்த்தார். "அன்னைக்குக் காலையில போன்ல சேலம் தாண்டிட்டேன்ன. பின்னாடி எவனோ தெலுங்குல டீக்குக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தான்."

பாண்டியராஜின் கை தொடையில் அப்படியே நின்றது.

"போன வச்சதும் வந்து எல்லாருகிட்டயும் சொன்னேன், அண்ணன் சேலம் தாண்டிருச்சுன்னு. ரெண்டு மணிக்குச் சொன்னேன், கரூர் வந்திருச்சுன்னு. நாலு மணிக்கு அரவக்குறிச்சின்னேன். என்னால முடிஞ்ச வரைக்கும் உன்னைய ஓட்டிக்கிட்டு வந்தேண்ணே. அஞ்சரைக்கு மேல எனக்கு ஊரு பேரு கிடைக்கல."

மில் பஸ் சந்தின் முனையைக் கடந்து போனது. பதினோரு வருடத்தில் அவன் இதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்பது பாண்டியராஜுக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. சொல்லியிருந்தால் எப்படியாவது காதுக்கு வந்திருக்கும். சுடுகாட்டில் சட்டையைப் பிடித்தபோதுகூட அவன் சொல்லவில்லை. எழுந்துவிட வேண்டும்போல் கால் பரபரத்தது. வண்டிச் சாவி உள்ளங்கையில் அழுந்தியது.

சோலைமுத்து சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் திறந்து, நாற்காலியின் கைமேல் வைத்தார். "இந்தா இருக்கு நம்பரு. வேணும்னா சொல்லிக்க. அய்யம்மாவுக்காக எட்டாவது மாடியிலயே இருந்துக்கிறேன்."

ஆறு இலக்கம் பளிச்சென்று தெரிந்தது. பாண்டியராஜ் கண்ணாடியை எடுத்தார். போட்டுக்கொள்ளாமல் அதன் காம்பை மடக்கினார், விரித்தார். தம்பியின் போன் வெளிச்சம் மங்கி அணைந்தது. அவர் அதைத் தொடவில்லை.

அவருடைய போன் அடித்தது. நர்கீஸ்.

"மாமா, மணி அஞ்சு அம்பது. எங்க இருக்கீங்க? பக்கத்துல வந்துட்டீங்களா?"

நாக்கு நுனியில் ‘நாகல் நகர் வந்துட்டேன்’ தயாராக இருந்தது. சோலைமுத்து சக்கரத்தில் குனிந்திருந்தார். ஆனால் ஸ்பேனர் அசையவில்லை.

"வேடசந்தூர்லதான்மா இருக்கேன்" என்றார் பாண்டியராஜ். "தம்பி வீட்டு வாசல்ல. இன்னும் கிளம்பவே இல்ல."

"நம்பரு?"

"இல்லம்மா."

"ஆறு தாண்டுனா ஒண்ணும் பண்ண முடியாது மாமா. அந்த ரூமுதான்."

"சரிம்மா. அந்த ரூமே இருக்கட்டும்."

போனைப் பையில் போட்டார். சொல்வதற்கு வார்த்தை ஒன்றுதான் இருந்தது. அது பதினோரு வருடமாக உள்ளே கிடந்து துருப்பிடித்திருந்தது.

"சித்தூருலே" என்றார். "சித்தூருல நின்னுக்கிட்டு இருந்தேன்."

சோலைமுத்து தலையை ஆட்டினார். புதுக் கடையாணியைச் செருகி, சூட்கேசை நிமிர்த்தி, வாசலில் ஒரு முழ தூரம் தள்ளிப் பார்த்தார். ஒரு சக்கரம் இன்னும் கீச்சிட்டது.

"எல்லாத்தையும் இப்பவே சொல்லிராதண்ணே" என்றார். "மூணு நாளு இருக்கு."

பாண்டியராஜின் கால் இன்னும் பரபரத்தது. சாவியைச் செம்புக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, குனிந்து சூட்கேசின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார், தம்பி எண்ணெய் விடுவதற்குத் தோதாக.