வள்ளியாத்தாள் உட்காராத கேரியர்

1

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. மலைப்பாதையில் பஸ் வளைந்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிற ஆள் நான். மூணாறு பஸ்ஸில் முன்சீட்டு அம்மாள் ஒருத்தி பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டு வந்ததை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது இந்தக் கதை. பாதிக் கதையில் அந்த மகராசி மறையூரில் இறங்கிப் போய்விட்டாள். மீதியை நான்தான் தள்ள வேண்டும்.

2

முதல் தொடக்கம்: 'மஞ்சு தவழும் மலைச்சாரலில் இளந்தம்பதியர் காற்றாய்ப் பறந்து...'

(அடித்துவிட்டேன். ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பவன் பறக்கமாட்டான், மூச்சு வாங்குவான்.)

இரண்டாவது தொடக்கம்: 1954இல் பாலக்காட்டுப் பக்கத்து வடகரப்பதி துரைசுவாமி, தன் மனைவி வள்ளியாத்தாளுக்குச் சீராக வந்த எருமையை விற்றுச் சைக்கிள் வாங்கினார்.

இதுவே இருக்கட்டும். பொங்கலுக்கு வந்த அவளுடைய அண்ணன் பெரியமுத்து, மலைமேல் வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர், காலியான கட்டுத்தறியைப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, நாஞ் சீராக் குடுத்த எருமை எங்கீங்க?"

துரைசுவாமி பெருமையாகச் சைக்கிள் மணியை அடித்துக் காட்டினார்.

"இது எத்தன படி கறக்குமுங்க?"

பந்தியில் உட்கார்ந்த பிறகும் அதைச் சொல்லியே எல்லாரும் சிரித்தார்கள். துரைசுவாமிக்குச் சோறு இறங்கவில்லை.

"சித்திரைல உங்க தங்கச்சிய இதுலயே வண்டன்மேட்டுக்குக் கொண்டாறனுங்க மச்சான். காலு தரைல படாது. பட்டுதுன்னா இத வித்துப்போட்டு எருமையவே கட்டீர்றேன்."

நுணலும் தன் வாயால் கெடும். அதுவரை அவர் ஏறிய பெரிய மேடு எலப்புள்ளி வாய்க்கால் பாலம்தான்.

3

(இந்த இடத்தில் மலையை வர்ணிப்பது மரபு. நீங்கள் எப்படியும் தாண்டிப் போவீர்கள் என்பதால் நானே தாண்டிவிட்டேன்.)

பயணம் நடந்தது. நடந்தது என்பதே சரியான சொல். ஊருக்குள் இரண்டு பேராகப் போனால் போலீஸ் பிடிக்கும் என்றார் துரைசுவாமி. வள்ளியாத்தாள் இறங்கி நடந்தாள். ஊரைத் தாண்டினால் ஜல்லி ரோடு, டயர் போய்விடும் என்றார், நடந்தாள். சின்னாறு தாண்டியதும் ஏற்றம், அவருக்கு மூச்சு வாங்கியது, நடந்தாள். இறக்கம் வந்தபோது பிரேக் இரண்டு பேரைத் தாங்காது என்று பயந்தார்; அப்போதும் அவள்தான் நடந்தாள்.

"ஏனுங்க, இந்தக் கேரியரு ஆருக்குங்க?"

"உனக்குத்தான் புள்ள. நல்ல ரோடு வரட்டும்."

நல்ல ரோடு மறையூரில் வந்தது. அதற்குள் துரைசுவாமிக்குத் தொடை இரண்டும் விட்டுப்போயிருந்தன. மரநிழலில் படுத்துக் குறட்டை விட்டார். விழித்துப் பார்த்தால் சைக்கிள் இல்லை. கொஞ்ச தூரத்தில் வள்ளியாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சைக்கிளின் குறுக்குப் பாருக்கு அடியில் காலை விட்டு, கோணிக்கொண்டே மிதித்துப் போனாள். விழுந்தாள். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மிதித்தாள். துரைசுவாமி அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

(பஸ் அம்மாள் இறங்கியது இங்கேதான். இதற்குமேல் வருகிற பொய்யெல்லாம் என்னுடையது.)

4

முடிவு அ: கடைசி வளைவில் வள்ளியாத்தாள் கேரியரில் ஏறி உட்காருகிறாள். வாசலில் மாலையும் மரியாதையும். மச்சான் வாயடைத்து நிற்க, துரைசுவாமி மீசையை...

ஆகாது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வாசலிலேயே செம்புத் தண்ணீர் கொடுத்துக் கால் கழுவச் சொல்லும் சனம் அது. ஊரை விட்டு மலைத்தோட்டத்துக்கு வந்தாலும் வழக்கம் மாறவில்லை. மறையூருக்கு அப்புறமும் ஏற்றம் இறக்கம் என்று மூணாறும் பூப்பாறையும் நடந்தே வந்த பாதம், கொப்புளம் உடைந்து தோல் உரிந்து கிடக்கிறது. கழுவும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். பஞ்சர் ஒட்டும் ரப்பர் வரை மூட்டை கட்டியவர், அந்தச் செம்பை மறந்துவிட்டார்.

முடிவு ஆ: அவள் காலைக் காட்டுகிறாள். சைக்கிள் போகிறது, எருமை திரும்புகிறது. நியாயமான முடிவு. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அவளிடம் கேட்க வேண்டாமா?

5

கடைசி வளைவு. இறக்கத்தின் அடியில் பெரியமுத்து வீடு. அவர் மனைவி வாசலில் செம்போடு நிற்பது மேலிருந்தே தெரிந்தது. துரைசுவாமி அப்போதுதான் வள்ளியாத்தாளின் பாதத்தைப் பார்த்தார். இத்தனை தூரம் டயரையே பார்த்து வந்த மனிதர். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நாந் தோத்துட்டேன் புள்ள. நடந்தே போயிரலாம். எருமையவே கட்டீர்லாம்."

"எரும மேல ஏறி நான் எங்கீங்க போறது?" என்றாள் வள்ளியாத்தாள். "சைக்கிளக் குடுங்க."

அவர் கை ஹேண்டில்பாரை விடவில்லை.

"மறையூர்ல நீங்க முழிச்சுட்டே படுத்திருந்தது எனக்குத் தெரியுமுங்க. குடுங்க. நீங்க பொறவால உக்காருங்க. காலு மட்டும் தரைல படக்கூடாது, பாத்துக்கங்க."

துரைசுவாமி இறக்கத்தைப் பார்த்தார். பிரேக்கைப் பார்த்தார். வாங்கிய நாளிலிருந்து யாரும் உட்காராமல் பளபளத்த கேரியரைப் பார்த்தார். கை தானாகத் தளர்ந்தது.

(இந்த இறக்கத்தை எழுத வேண்டுமானால் நான் கண்ணைத் திறந்தாக வேண்டும். என்னால் ஆகாது. அவர் ஏறுவாரா மாட்டாரா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் சீக்கிரம். வள்ளியாத்தாள் பெடலில் கால் வைத்துவிட்டாள். ஒருமுறை மணியும் அடித்துவிட்டாள். அவர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அவள் போகத்தான் போகிறாள்.)