ஓமர் வீட்டுப் பெரிய தாழி

இரண்டு நாளாக எல்லோரும் ஒயினை ஊற்றிக் கொடுத்தார்கள். விற்கத்தான் ஒருவரும் இல்லை.

எலிசோ வேனின் முன்னிருக்கையில் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டாள். மழை சற்று முன்புதான் விட்டிருந்தது. சாலையின் இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள் மயில்துத்தம் தெளித்த நீலக்கறையோடு நின்றன. தூரத்தில் பார்த்தால் குறையில்லாத தோட்டம்போலத்தான் இருக்கும். கிட்டே போய் இலையைத் திருப்பினால் வெள்ளைப் பூசணம். கொத்தைப் பிடித்தால் சுருங்கிப்போன மணிகள். மே முழுக்க மழை, ஜூன் முழுக்க மழை. அதில் தப்பியதை ஆலங்கட்டி கவனித்துக்கொண்டது. கஹேத்தி வட்டாரம் முழுவதும் அந்த வருஷம் இதே கதைதான்.

"இன்னும் ஒரு வீடுதானே?" என்றார் வேன் ஓட்டிக்கொண்டிருந்த வாஜா. "எல்லாரும் ஒயின் குடிக்கிற மேசையில என்னை உக்கார வெச்சு, வண்டி ஓட்டுறவன்னு பச்சை சோடாவையே ஊத்துறாங்க. இன்னொரு தடவை அதைக் குடிச்சா என் வயிறே பச்சையாயிரும்."

"உங்களுக்காவது சோடா, அண்ணே. நான் எதைக் கேட்டாலும் ஒரு வாழ்த்து சொல்லி வாயை அடைச்சிடறாங்க."

தலைநகர் திபிலீசியில் ருசுதானின் ஒயின் கடையில் எலிசோவின் வேலை பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பது. கடை முடிந்ததும் மாலை வகுப்புக்குப் போய் ஒயினை முகரவும் சுவைக்கவும் கற்றுக்கொண்டாள். கொள்முதலுக்கு என்னை அனுப்புங்கள் என்று நச்சரித்து, கடைசியில் ருசுதானின் வாயிலிருந்து ஒரு பதில் வாங்கியிருந்தாள். "ஓமரோட பெரிய தாழி ஒயின் முழுசா நம்ம கடைக்கு வரணும். வந்தா கொள்முதல் உன் பொறுப்பு. வரலேன்னா பேசாம காகிதம் மடி." குளிர்காலத்தில் தொலைபேசியில் பேசியபோது திராட்சை விவசாயி ஓமர் சரி என்றுதான் சொல்லியிருந்தார். அது மழைக்கு முன்னால்.

வழியில் இன்னும் இரண்டு வீடுகளைச் சேர்த்துக்கொண்டது அவளுடைய யோசனைதான். முதல் வீட்டிலேயே சறுக்கினாள். வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி ஒயினை வாயில் சுழற்றிவிட்டு வாளியில் துப்பினாள். வீட்டுக்காரர் கோச்சாவின் முகம் வெளுத்துவிட்டது. "என்ன தாயி, உள்ள பூச்சி கீச்சி கெடந்துதா?" உடனே ஒருவர் புதினா நீர் கொண்டுவந்தார், ஒருவர் அவள் முதுகைத் தடவிவிட்டார். அதற்குப் பிறகு வியாபாரம் பேச இடமேது?

இரண்டாவது வீட்டில் அவள் துப்பவில்லை. ஆனால் விலை என்று ஆரம்பித்தபோது உலக சமாதானத்துக்காக ஒரு கோப்பை தூக்கினார்கள். மறுபடி ஆரம்பித்தபோது செத்துப்போனவர்களுக்காக. அதற்கும் பிறகு ஆரம்பித்தபோது, இன்னும் பிறக்காத குழந்தைகளுக்காக. கிளம்பும்போது அந்த வீட்டுப் பெண் மட்டும் வாசல்வரை வந்து காதோடு சொன்னாள்: "இந்த வருஷம் ஒண்ணும் தேறாதும்மா. போன வருஷத்துதான் இருக்கு. மகளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம், மாமனார் படுக்கையில கெடக்கார். ஒயின் இல்லாம எந்தக் காரியத்தைப் பண்றது?"

"அதை உள்ளயே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

ஓமர் வீட்டில் வால்நட் மரத்தடியில் மேசை தயாராக இருந்தது. கம்பியில் சுட்ட பன்றிக்கறி, பாலாடைக்கட்டி, சூடு ஆறாத ரொட்டி. ஓமருக்கு அகன்ற தோள், அதைவிடப் பெரிய குரல். அவருடைய மனைவி லம்சீரா எலிசோவின் கன்னத்தில் முத்தமிட்டு, "எலும்பும் தோலுமா இருக்கியே, அந்த ஊர்ல சோறே போட மாட்டாங்களா?" என்றாள்.

"மாமா, முதல்ல தோட்டத்தைப் பார்த்துடலாமா?" என்றாள் எலிசோ.

"தோட்டம் எங்கயும் ஓடிடாது. உக்காரு."

கை கழுவப் போகிற சாக்கில் அவளே கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். கொடிகள் கிழிந்து தொங்கின. ஒரு வரிசையில் இலையே இல்லை, குச்சிகள்தான். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. இதற்குப் பிறகு இந்த மனிதரிடம் போய் எப்படிக் கேட்பது? ஆனால் கேட்காமல் திரும்பினால் ருசுதானிடம் என்ன சொல்வது? மேசைக்கு வருவதற்குள் கேட்க வேண்டிய வாக்கியத்தை மனதில் பல தினுசாக மாற்றிப் பார்த்தாள். எதுவுமே சரியாக வரவில்லை.

"மாமா, பெரிய தாழி விஷயமா..."

"மொதல்ல இந்த மண்ணுக்கு!" ஓமர் எழுந்து நின்றார். எல்லோரும் குடித்தார்கள். வாஜா சோடாவைக் குடித்தார்.

"குளிர்காலத்துல நீங்க சொன்னீங்களே..."

"நம்ம அம்மாக்களுக்கு!"

"மாமா, குடுப்பீங்களா மாட்டீங்களா?"

"இந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்! இவளைப் பெத்தவங்க நல்லா இருக்கணும்!"

எலிசோவுக்குள் எதுவோ அறுந்தது. கோப்பையில் இருந்ததைத் தரையில் கொட்டிவிட்டு, அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்றவரைக்கும் நான் குடிக்கப் போறதில்லை. ஓசியா என் தொண்டையில ஊத்த ஒரு தாழி இருக்கு, விலைக்குக் குடுக்க ஒரு பாட்டில் இல்லையா?"

வாஜா கண்ணை மூடிக்கொண்டார். லம்சீராவின் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. ஓமர் கவிழ்ந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் சிவந்தது.

"என் ஒயின் எறங்கலையா உனக்கு? பெரிய தாழிதான் வேணுமா? வா, அதுலயே குடி!"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் கொட்டகைக்குள் போய்விட்டார். தாழிகள் எல்லாம் அங்கே கழுத்துவரை மண்ணுக்குள் புதைந்திருந்தன.

"யோவ், வேணாம்யா! மூடி வெச்சது மூடினபடி இருக்கட்டும்!" லம்சீரா பின்னாலேயே ஓடினாள். அதற்குள் மண் பறந்தது. ஈரக்களிமண் பூச்சை மண்வெட்டியால் கொத்திப் பெயர்த்து, கல்மூடியைப் புரட்டித் தள்ளிவிட்டார் ஓமர். உலர்ந்த ஆப்ரிகாட்டும் தேயிலையும் கலந்ததுபோல ஒரு வாசனை கொட்டகையை நிறைத்தது. ஓமர் சுரைக்குடுவையால் மொண்டு அவளிடம் நீட்டினார். எலிசோ குடித்தாள். வகுப்பில் கற்ற சொல் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. திறந்த தாழி காத்திருக்காது. இந்தப் புழுக்கத்தில் காற்றுப் பட்டால் வினிகர்தான். ஒயினை ஏற்றிப்போகக் கடையின் லாரி வருவது அடுத்த வாரம்.

"நல்லா இருக்குய்யா உன் ரோஷம்," என்றாள் லம்சீரா. "இப்ப எதுல ஊத்துவே? உன் தொப்பியிலயா?"

அவளே வாசலில் நின்று தெருவுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள். இந்த வருஷம் எல்லோர் வீட்டிலும் பாத்திரம் காலிதான். ஆளாளுக்குப் பெரிய கண்ணாடிக் குடுவைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பை, ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு வாழ்த்து. நிரம்பிய குடுவைகளை வாஜா வேனில் ஏற்றினார். எலிசோ தாழிக்குள் விட்ட குழாயைப் பிடித்தபடி பல்லைக் கடித்தாள். கடைக்குப் போக வேண்டிய ஒயின் அவள் கண்ணெதிரே ஊர் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. இது தன்னால் வந்த வினையா, அவரால் வந்ததா என்று அவளுக்கே விளங்கவில்லை.

தாழி பாதியாக இறங்கியபோது ஓமர் குழாயை மடித்துப் பிடித்தார்.

"போதும். வேன்ல ஏத்தினது உன்னுது. மீதியைக் குடுக்க மாட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"குடுக்க மாட்டேன்னேன். கை கழுவப் போனப்பவே தோட்டத்தை நீதான் பாத்துட்டியே. அடுத்த வருஷம் என் வீட்டுக்குக் குடிக்க இதுதான், குடுவையில அடைச்சு வெச்சுக்குவேன்."

"இதை நான் வந்து எறங்கினதுமே சொல்லியிருந்தா, இந்தத் தாழியைத் தொறந்தே இருக்க வேண்டாமே மாமா!"

"அப்ப எப்படிச் சொல்றது? அப்ப நீ விருந்தாளி."

"இப்ப?"

"இப்ப நீ என் மேசையில கோப்பையைக் கவுத்தவ. உன்கிட்ட சொல்லலாம்."

வேன் கிளம்பும்போது லம்சீரா ஒரு துணிமூட்டையை அவள் மடியில் வைத்தாள். ஓமர் வாசலுக்கு வரவில்லை. கொட்டகைக்குள் அடுத்த வாழ்த்துக்கு அவர் குரல் எழுவது தெருவரை கேட்டது.

பெரிய சாலையைத் தொடும்போது ருசுதான் அழைத்தாள். பாதிதான் வருகிறது என்பதை எப்படிப் பக்குவமாகச் சொல்லலாம் என்று எலிசோ யோசித்து வைத்திருந்தாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"பாதிதான், மேடம். மீதி வராது. தர மாட்டேன்னு சொல்லிட்டார்."

"ஓமரா? அவர் வாயால சொன்னாரா?" என்றாள் ருசுதான். "சரி, நீ வா. அலைஞ்சு களைச்சிருப்பே. முதல்ல சாப்பிடலாம், அப்புறம் பேசிக்கலாம்."

எலிசோ கண்களை இறுக மூடினாள். "இல்ல மேடம். கொள்முதல் எனக்கு உண்டா, இல்லையா? இப்பவே சொல்லிடுங்க."

"இல்லை," என்றாள் ருசுதான். "திங்கக்கிழமை காகிதம் மடிக்க வந்துடு."

வாஜா வேகத்தைக் குறைத்தார். பின்னால் குடுவைகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. இரண்டு நாளாக அவள் தேடி அலைந்த நேரான பதில் இது. ஒரே நாளில் இரண்டு கிடைத்துவிட்டன.

"என்னம்மா சொன்னாங்க?" என்றார் வாஜா. "வேலை போச்சா?"

அவள் மடியிலிருந்த மூட்டையை அவிழ்த்தாள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இருந்தன. ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டை அவரிடம் நீட்டினாள்.

"முதல்ல சாப்பிடுங்க, அண்ணே."