ஐம்பத்திரண்டாம் பாகத்தில் ஆதிரன்

"நீங்கள்தான் அவனைக் கொன்றுபோட்டியள்."

"நானில்லை, கமலா. கதை எழுதினவன்தான் கொன்றவன்."

"பதினொரு பாகமாய்ப் பனிக்குள்ள கிடந்து தப்பினவன், இண்டைக்கு மட்டும் ஏன் சாகவேணும்?"

2003இல் ஒரு ஞாயிறு பின்னேரம். பதுளையில் எங்கள் வீட்டுக்கும் கிளாக்கர் பத்மநாதன் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைதான் சுவர். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. கேட்காமல் இருக்க வேண்டுமென்றால் நான் லுணுகலைக்குத்தான் குடிபோக வேண்டும்.

செத்தவன் கதைப் புத்தகத்துப் பையன். 'வியாழன் வீதி' என்ற விண்வெளித் தொடர். சென்னையிலிருந்து வந்து, பசாரில் புஹாரி நானா கடையில் கிடைக்கும். அவர்களுடைய மகன் சுபாஸ் அதற்குப் பைத்தியம். 1996இல் நேர்முகப் பரீட்சைக்கென்று கொழும்புக்கு ரயில் ஏறினான். லொட்ஜிலிருந்து யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதோடு செய்தி நின்றுவிட்டது. வந்ததும் வாசிக்கட்டும் என்று தகப்பன் தொடர்ந்து புத்தகம் வாங்கினார். மனைவி கமலாம்பிகைக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் கண் மங்கிய பிறகு, ஞாயிறுதோறும் சத்தமாக வாசித்தும் காட்டினார். கதையில் ஆதிரன் என்றொருவன் விண்கலம் உடைந்து காணாமல் போயிருந்தான். எந்தக் கோள் எந்தக் கோளோடு அடிபட்டாலும் கமலாம்பிகை அக்காவுக்கு ஒரே கேள்விதான்: "அது கிடக்கட்டும், ஆதிரன் எங்க?"

இதில் மாட்டிக்கொண்டவள் மகள் சிவரூபி. வயது முப்பத்தொன்று. அவர்களுடைய யாழ்ப்பாணத்து வழக்கப்படி பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டும். சுபாஸ் வந்து நிற்பான் என்று தாய் இரண்டு சம்பந்தங்களைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. மூன்றாவது, வவுனியாவில் ஓர் ஆசிரியர். ஆவணிவரைதான் பொறுப்பாராம். ஆகவே ஆதிரன் இந்த நேரம் பார்த்துச் செத்ததில் எனக்கு உடனே சந்தேகம் வந்தது.

மறுநாள் கிளாக்கர் கந்தோருக்குப் போனதும், அக்கா புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, ஒருக்கா வாசிச்சுப் பாரும். மெய்யாய்ச் செத்திட்டானோ?"

ஐம்பத்திரண்டாம் பாகம். அச்சகத்தில் வெட்டுப்படாத பக்கங்கள் ஒட்டியபடியே இருந்தன. நான்தான் கத்தரிக்கோலால் பிரித்தேன். உள்ளே ஒரு மகாராணியின் முடிசூட்டு விழா. விருந்துச் சாப்பாடு மட்டும் ஆறு பக்கம். ஆதிரன் செத்திருக்கவில்லை. ஆதிரனே இல்லை.

"முந்தினதையும் கொண்டு வாங்கக்கா."

பின்னோக்கிப் போனோம். நாற்பத்தொன்றாம் பாகத்தில் ஒரு வரியில் வருகிறான். அதற்குப் பிறகு எழுதியவர் அவனை மறந்தே போயிருந்தார். நாற்பத்தைந்திலிருந்து எல்லாப் புத்தகங்களும் வெட்டுப்படாதவை. கிளாக்கருக்குக் கதை எப்போதோ அலுத்துவிட்டது. பிரிக்காத புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பனிக்குகை, உடைந்த வானொலி, பசிக்குச் சப்பாத்து வாரைக் கடித்தது என்று எல்லாவற்றையும் தானே சொல்லியிருக்கிறார். அந்தச் சப்பாத்து வாருக்கு இந்தப் பக்கம் நானும் கண் துடைத்திருக்கிறேன். வெட்கக்கேடு.

செத்துவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டதில்லை.

"அக்கா, கதைக்காரன் அவன எப்பவோ விட்டுட்டான். இவ்வளவு நாளும் ஐயாதான் உசுரோட வச்சிருந்திருக்காரு."

அக்கா புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, "அந்த மனுசனுக்கும் களைச்சுப்போச்சு" என்றார். புத்தகங்களை அப்படியே விட்டுவிட்டு, சுவரைத் தடவியபடி வெளியே போனார்.

அன்று பின்னேரம் பலகைக்கு அப்பால் அவருடைய குரல்: "வவுனியாவுக்கு எழுதுங்கோ. தோழனுக்குக் கிஷாந்தன் நிக்கட்டும்."

கதிரை இழுபட்டது. பிறகு கிளாக்கர் அழுதார். பலகை அவ்வளவு மெல்லிசு.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சிவரூபியின் சித்தப்பா மகன் கிஷாந்தன் பண்டாரவளையிலிருந்து வந்து தோழனாக நின்றான். அவனுடைய தலைப்பாகை இரண்டு தரம் கழன்றது. அக்கா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவேயில்லை. சிவரூபி வவுனியாவுக்குப் போனாள். அடுத்த வருடம் பென்சன் எடுத்துக்கொண்டு தாயும் தகப்பனும் அவளோடு போய்விட்டார்கள். ஐம்பத்து மூன்றாம் பாகத்தில் புஹாரி நானா வழக்கம்போலச் சுபாஸின் பெயரைப் பென்சிலால் எழுதி எடுத்து வைத்திருந்தாராம். இனி எடுத்து வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்ல நான்தான் பசாருக்குப் போனேன்.