முற்றத்து வளைவுப் பலகை

விமலகுமாரி டீச்சர் வீட்டு முன்முற்றத்தின் ஓரத்தில் ஓர் இரும்புப் பலகை நின்றது. சிவப்பு முக்கோணத்துக்குள் வளைந்த அம்பு. அதன் கீழே மலையாளத்தில் ‘அபகட வளவு’, அதாவது அபாய வளைவு. கொல்லயில் ஊர்ப் பக்கமிருந்து வரும் சாலை அவள் வீட்டை ஒட்டித்தான் சட்டென்று ஒடிந்து திரும்பும்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவர் ரெத்தினதாஸ் ஓணத்துக்கு வந்ததும் கார் எடுப்பதாக இருந்தது. அதற்குக் கேட்டை அகலப்படுத்த வேண்டும். பலகையின் கால் சரியாகக் குறுக்கே நின்றது. நெய்யாற்றின்கரைக்குப் போய்ச் சாலைத் துறை ஓவர்சியர் கருணாகரனைப் பார்த்தாள். அவர் பத்திர நகலைப் புரட்டி, மண் அவளுடையதுதான், ஆனால் சாலையோரம் நான்கடியைப் பொது உபயோகத்துக்கு விட்டுக்கொடுத்து அவளுடைய மாமனார் கையெழுத்திட்டிருக்கிறார் என்று காட்டினார். மனு எழுதித் தந்தால் ஒரு மாதத்துக்குள் ஆளனுப்பிச் சற்றுத் தள்ளி நட்டுத் தருவதாகவும் சொன்னார்.

மனு கொடுத்தாள். ஆனால் கொத்தனார் ஈசாக்குக்கு அந்த வாரம்தான் ஒழிவு.

“டீச்சர், இது சர்க்கார் சாதனமாக்கும். அவிய வந்து பறிக்கட்டு,” என்றார் ஈசாக்.

“நம்ம மண்ணுலதான அண்ணா நிக்கு? பறிச்சு பின்னால சாய்ச்சு வையுங்க. அவிய வரும்ப குடுத்துரலாம்.”

ஈசாக் பறித்து, வீட்டின் பின்பக்கக் குளியலறைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணி. நல்ல மழை. பிரேக் கிறீச்சிட்டது, பிறகு மதில் அதிர்ந்தது. கதவைத் திறக்கும் முன்பே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. புதுக் கேட்டுக்காக அடுக்கியிருந்த கற்களின் நடுவே ஒரு பைக்கும், அதன் பக்கத்தில் ஒருவனும் கிடந்தார்கள். பக்கத்து வீட்டு ஸ்ரீஜித் ஓடிவந்து, அவனைத் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான்.

ஒன்பது மணிக்குப் போலீஸ்காரர் வந்தார். டயர் இழுபட்ட தடத்தை அளந்தார். இங்கே ஒரு போர்டு இருந்ததில்லையா என்று கேட்டார்.

“நான் கவனிச்சதில்ல சார்.”

பதினெட்டு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறாள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று வகுப்பில் ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்தினாள். சாலையில் ஜீப் சத்தம் கேட்டால் கையிலிருந்த சாக்பீஸ் நின்றது. சாயங்காலம் ஈசாக் வந்தார். உள்ளே வராமல் வெளியிலேயே நின்றார்.

“பறிச்சது என் கையாக்கும் டீச்சர். எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய உண்டு. நீங்க வாயத் தொறக்கப்பிடாது.”

போனில் ரெத்தினதாசும் அதையேதான் சொன்னார். முதலில் அந்தப் பலகையைக் குளத்தில் தள்ளிவிடச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம், தெருவில் ஆளில்லாத நேரம் பார்த்து அதை இழுத்தாள். இரும்பு சிமென்டில் உரசி ஓலமிட்டது. மதிலுக்கு அப்பால் ஸ்ரீஜித்தின் அம்மா அம்மிணி, அது என்ன சத்தம் என்று கேட்டாள். விமலகுமாரி, பழைய தகரம் என்று எப்படியோ சொல்லிவிட்டு, தார்ப்பாயைப் போட்டு மூடினாள். அதற்கு மேல் ஓரடிகூட இழுக்க முடியவில்லை.

மறுநாள் சர்ச்சில் ஆராதனை முடிந்து அவள் திரும்பும்போது ஸ்ரீஜித் விவரம் சொன்னான். அடிபட்டவன் பொழியூர்க்காரன், பேர் ஷைஜு, கடலுக்குப் போகிறவன். இன்னும் கண் திறக்கவில்லை. திறந்தால்தான் எப்படி விழுந்தான் என்று தெரியும் எனப் போலீஸ் காத்திருக்கிறது.

அவன் திறக்காமலே போனால் என்ன என்று அவள் நினைத்தாள். ஒரு நொடிதான். பிறகு வழியிலேயே ஒரு வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நினைப்புக்குப் பயந்த அளவு அவள் போலீசுக்குக்கூடப் பயந்ததில்லை.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டுத் திருவனந்தபுரம் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு பெண், மடியில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தாள். ஷைஜுவின் மனைவி சோனா. அந்த வழி அவருக்குப் பழக்கமா என்று விமலகுமாரி கேட்டாள். இல்லை, பாறசாலை ஸ்டேஷனில் தம்பியை இறக்கிவிட்டு, மழைக்குக் குறுக்குவழி என்று யாரோ சொன்னதைக் கேட்டு முதல் தடவையாகப் போனவர் என்றாள் சோனா.

அப்போது விமலகுமாரி சொன்னாள்:

“அங்க வளைவுக்கு ஒரு போர்டு இருந்தது. பறிக்கச் சொன்னது நான். போலீசுகிட்ட பொய்யும் சொல்லிட்டேன்.”

சோனா துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“இத இப்ப எதுக்கு வந்து சொல்லுதீங்க?”

“பயந்துட்டேன்.”

“எனக்கும் பயம் உண்டு,” என்றாள் சோனா. “நீங்க போங்க.”

அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். ஈசாக்கின் பெயரை எழுதவில்லை. பலகையை எடுத்துப்போக வந்த போலீஸ்காரர்கள், இதை ஒரு பெண்பிள்ளை தனியாகப் பறித்திருக்க முடியாது என்றார்கள். ஈசாக் மறுநாள் தானாகவே போய்ச் சொல்லிவிட்டார். அதன்பின் அவர் அவளோடு பேசவில்லை. வழக்கு இருவர் மீதும் பதிவானது.

ஒன்பதாம் நாள் ஷைஜு கண் திறந்தான். வலது காலில் கம்பி வைத்தார்கள். இனி வள்ளத்தில் நிற்க முடியுமா என்று டாக்டர்கள் உறுதி சொல்லவில்லை.

முதல் வாய்தாவுக்கு அவன் ஊன்றுகோலோடு வந்திருந்தான், சோனா தோளைப் பிடித்திருந்தாள். கோர்ட் வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. விமலகுமாரி எழுந்து இடம் விட்டாள். அவன் உட்கார்ந்து, காலை மெல்ல நீட்டிவிட்டு, நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. உள்ளே பெயர் கூப்பிடும்வரை அப்படியே நின்றாள்.