கடைசியில் சேர்ந்த படம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வயது அறுபத்தெட்டு. முதுகு இன்னும் வளையவில்லை. கடையைத் தொடங்கியவர் அண்ணன், நடத்துகிறவர் தம்பியான இவர். இந்த முறையை யாராவது மாற்றிச் சொன்னால் இவருக்குப் பொறுக்காது. அண்ணனோ அதற்கும் மேல். ஒரு கல்யாணத்தில் தமக்கு இரண்டாவது வரிசையில் நாற்காலி போட்டார்கள் என்று சாப்பிடாமலே எழுந்து போனவர்.

மருமகள் கடைக்கு ஒரு வலைப்பக்கம் செய்துகொண்டிருந்தாள். உச்சியில் அண்ணன் படம். 'எங்கள் குடும்பம்' என்ற பொத்தானை அழுத்தினால் கீழே எல்லோருடைய படங்களும் வரிசையாக விரிய வேண்டும். நாலு மணிக்கு அண்ணன் பார்க்க வருகிறார்.

மூன்றரைக்கு, "அழுத்திப் பாருங்க, மாமா" என்றாள்.

அழுத்தினார். உச்சியில் இருந்த அண்ணனைக் காணோம். வரிசையைத் துழாவினார். முதலில் தாம், பிறகு மகன், மருமகள், பத்து மாதப் பேத்தி. பேத்திக்கும் பின்னால், வாலில் தொங்கினார் அண்ணன்.

"மானத்த வாங்கிட்டியேம்மா! பால்பாட்டிலுக்குப் பின்னாடியா எங்கண்ணன நிறுத்துவ?"

மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பக்கத்த இயக்கற ஜாவாஸ்கிரிப்ட்ல 'அப்பெண்ட்'னு ஒரு வரி போட்டேன், மாமா. பெரிய மாமா படத்த எடுத்து வரிசையில சேருன்னு. ரெண்டு எடத்துலயும் நிப்பார்னு நெனச்சேன். ஏற்கெனவே பேஜ்ல இருக்கறதச் சேத்தா, அது பழைய எடத்த விட்டுட்டுக் கடைசில வந்து நின்னுடுது."

"பெரியவங்க சின்னவங்க தெரியாதா அதுக்கு?"

"வந்து சேந்த வரிசைதான் தெரியும். வேணா பெரிய மாமாவ நகல் எடுத்து, ஒண்ண மேலயும் ஒண்ண கீழயும் வைக்கறேன்."

"எங்கண்ணனுக்கு நகலா? நல்லா இருக்கு கதை!"

வழக்கு முடிவதற்குள் வாசலில் கைத்தடிச் சத்தம். அண்ணன் கால் மணி முன்னதாகவே வந்துவிட்டார். மருமகள் அவசரமாகப் பக்கத்தை மறுபடி திறந்தாள். படம் உச்சிக்குத் திரும்பியது. அவள் வரியைத் திருத்துமுன், "தள்ளு, நானே அழுத்தறேன்" என்று அண்ணன் விரலை வைத்துவிட்டார்.

படம் கீழே போய் வாலில் ஒட்டியது. கடைக்காரருக்கு அந்தக் கல்யாண நாற்காலி கண்முன் வந்து நின்றது.

அண்ணன் திரையருகே குனிந்தார். "என் பக்கத்துல பல்லில்லாம சிரிக்கறது யாரு?"

"உங்க பேத்திதான், பெரிய மாமா. தப்பு என்னோடது, இதோ மாத்திடறேன்."

"மாத்துனா பாரு! மேல ஒத்தையில, காணாமப்போனவன் விளம்பரம் மாதிரி இருந்தேன். இங்க பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கு. அவளுக்கும் பல்லில்ல, எனக்கும் பல்லில்ல."

கடைக்காரருக்குப் போன உயிர் வந்தது. ஆனாலும் அண்ணன் கடைசியில் நிற்பது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, அந்த அப்பெண்ட் என்னையும் நகத்துமா?"

"நகத்தும். மொதல் எடத்த விட்டுட்டுக் கடைசிக்கு வந்துடுவீங்க, மாமா."

"போடு. எங்கண்ணனுக்கு அப்புறம்."

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு வரி எழுதினாள். பொத்தானை அழுத்தியதும் வரிசையின் தலையில் இருந்த கடைக்காரர் அண்ணனுக்கு அடுத்துப் போய் நின்றார்.

"டேய், இங்கயும் என் பின்னாடியே வர்றியா?" என்றார் அண்ணன்.

"வேற எங்க போவேன்?" என்றார் கடைக்காரர், முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு.